அரச ஒஃபிஸுக்கு அவசரகால ட்ரெயினிங், காசு குடுத்து எடுக்கலாமா? (திருகோணமலை அனுபவம்)

வருசக் கடைசியில வோட்ல (ஒதுக்கித் தந்த காசில) கொஞ்சம் மிஞ்சும், ஓடிட்காரர் வந்து "தீயணைப்பு ஏற்பாடு ஒண்டும் இல்ல" எண்டு ஒரு கேள்வி எழுதிட்டுப் போயிருப்பாங்க, உடனே மூண்டு குவட்டேஷன் எடுத்து ஆகக் குறைஞ்ச விலை போட்டவரைக் கூப்பிடுறது. எங்கட கந்தோருக்கும் இந்த ட்ரெயினிங் அப்பிடித்தான் வந்து சேந்துச்சு. டவுனுக்குள்ளயும் உப்புவெளிப் பக்கமும் இருக்கிற வேற ஒஃபிஸ்காரர் "எப்பிடி மிஸ் அந்த டீம், நாங்களும் எடுக்கலாமா" எண்டு கேட்டுக்கொண்டே இருக்காங்க, ஒவ்வொராளுக்கும் வொய்ஸ் மெசேஜ் அனுப்பி வாய் நோகுது, அதால ஒரேயடியா எழுதிப் போடுறன். கம்பெனி பேர் போடல. எங்கட ஒஃபிஸ் பேரும் போடல, ஏன் எண்டு அரசாங்க உத்தியோகத்தில இருக்கிறவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல.

அவசரமா வாசிக்கிறவங்களுக்கு முதல்லயே சொல்லிடுறன்: காலையில நடந்த லெக்சர் நித்திரை, பின்னேரம் வெளிய வச்சு செஞ்ச பிரக்டிகல் திறம், கடைசியா எழுதித் தந்த "அவசரகாலத் திட்டம்" எங்கட கட்டடத்துக்கும் எங்கட ஊருக்கும் ஒட்டவே ஒட்டாது. ஐஞ்சுக்கு மூண்டு ஸ்டார். அந்த மூண்டும் பின்னேரத்துக்குத்தான்.

பக்கேஜில என்னென்ன வரும் எண்டா, ஒரு முழுநாள் ட்ரெயினிங், அதுக்குள்ளயே ஒரு ஒத்திகை, பிறகு ஒரு திட்டம் பைண்ட் பண்ணின புத்தகமா, கொஞ்சம் சிலிண்டர், "வெளியேறும் வழி" போர்டுகள், ஒரு வருசத்துக்கு சேர்விஸ். சாப்பாடு எங்கட பொறுப்பு. கொழும்புல இருந்து விடிய வந்து இறங்கினாங்க, பாவம் நித்திரை இல்லாத முகம், ஆனா நேரத்துக்குத் தொடங்கினாங்க, அது எங்கட ஆக்களுக்கே பழக்கம் இல்லாத விசயம்.

லெக்சர் எடுத்தவர் சிங்களத்தில கதைக்க, கூட வந்த தம்பி ஒராள் தமிழ்ல சொன்னார். அவர் நல்லாத்தான் சொன்னார், குறை சொல்லேலாது, ஆனா எல்லாத்தையும் ரெண்டு தரம் கேக்க வேண்டி வந்ததால ஒரு மணித்தியாலத்தில முடியுற விசயம் டீ பிரேக் தாண்டியும் இழுபட்டுச்சு. ஸ்லைடில எல்லாம் உயரமான கட்டடம், ஸ்பிரிங்க்ளர், ஸ்மோக் டிடெக்டர், ஃபயர் லிஃப்ட். எங்கட கட்டடத்தில லிஃப்டே இல்ல. முன்பக்கம் ரெண்டு மாடி, பின்பக்கம் பழைய ஓட்டுக் கட்டடம், அதுக்குள்ள ரெக்கோட் ரூம், அதுக்குள்ள நாங்க வேலைக்கு வர முந்தின காலத்து ஃபைல் எல்லாம் கூரை முட்டக் கிடக்கு. நெருப்பு பத்தினா முதல்ல பத்துற இடம் அதுதான், அதை ஒருக்கா எட்டிப் பாத்துட்டு லெக்சரைத் தொடங்கியிருக்கலாம்.

இதில ஒரு பகிடி. 2019 ஈஸ்டர் குண்டுக்குப் பிறகு இப்பிடியான ட்ரெயினிங் எல்லாத்திலயும் குண்டு மிரட்டலையும் சேத்துட்டாங்கபோல. சந்தேகமான பேக்கைத் தொடக்கூடாது, கிட்ட நிண்டு ஃபோன் கதைக்கக்கூடாது, மிரட்டல் கோல் வந்தா கட் பண்ணாம அவன் சொல்லுறதை அப்பிடியே எழுதணும், பின்னால என்ன சத்தம் கேக்குது எண்டும் கவனிக்கணும், இதெல்லாம் சரியான விசயம்தான். ஆனா அந்தப் பொடியன் மேடையில நிண்டு "வெடிச்சத்தம் கேட்டா எப்பிடிக் குப்புறப் படுக்கிறது" எண்டு செஞ்சு காட்டேக்க முன் வரிசையில இருந்த எங்கட மூத்த அக்காமார் ஆளை ஆள் பாத்துக்கொண்ட பார்வை இருக்கே. திருகோணமலையில 80கள்லயும் 90கள்லயும் ஒஃபிஸ் போய் வந்தவங்களுக்கு அந்தப் பாடம் தேவையில்ல. கடைசியில அவரே விளங்கி, "உங்களுக்கு என்னைவிடத் தெரியும்" எண்டு சொல்லி ஸ்லைடை மாத்திட்டார். அந்த அடக்கம் எனக்குப் பிடிச்சுது.

காலையில உருப்படியா வந்தது காஸ் பகுதி மட்டும்தான். 2021 கடைசியில நாடு முழுக்க காஸ் வெடிச்ச காலத்தை ஒருத்தரும் மறக்கல, எங்கட டீ ரூமில இன்னமும் காஸ் அடுப்புத்தான். எல்பி காஸ் காத்தைவிடப் பாரமானது, லீக் ஆனா மேல போகாது, நிலத்தோட படிஞ்சு கிடக்கும், அதால மணம் வந்தா லைட் சுவிட்சையோ ஃபேன் சுவிட்சையோ போடவும் கூடாது நிப்பாட்டவும் கூடாது, ரெகியுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து விட்டுட்டு வெளிய வரணும். ட்ரெயினர் சவுக்காரத் தண்ணி கொண்டுவரச் சொல்லி எங்கட அடுப்பு ஹோஸிலயே பூசிக் காட்டினார். ரெகியுலேட்டர் மூட்டுக்குக் கிட்ட குமிழ் வந்துச்சு. அண்டைக்கே ஹோஸ் மாத்தினாங்க. ஒரு வருசமா அந்த மணத்தை "கருவாட்டு மணம்" எண்டு சொல்லிச் சமாளிச்சுக்கொண்டு இருந்த ஒராள் அண்டைக்கு வாயே திறக்கல.

இப்ப பின்னேரம். இதுக்காகவே காசு குடுக்கலாம்.

வெளிய, வாகனம் விடுற இடத்தில வெட்டின பீப்பாக்குள்ள தண்ணி விட்டு மேல டீசலும் கொஞ்சம் பெற்றோலும் ஊத்திப் பத்த வச்சாங்க. சும்மா சின்ன நெருப்பு எண்டு நினைச்சுக்கொண்டு கிட்டப் போனா முகம் சுடுது, புகை ஒரு பக்கத்தால அள்ளிக்கொண்டு வருது. அப்பத்தான் முதல் பாடம்: காத்து எந்தப் பக்கம் இருந்து வருதோ அந்தப் பக்கம் நிண்டுதான் அடிக்கணும், கடல்காத்து அடிக்கிற எங்கட பக்கத்தில இது சும்மா சொல்லுற பேச்சில்ல, எதிர்ப்பக்கம் நிண்டா பவுடர் முழுக்க உங்கட மூஞ்சிக்குத்தான். ரெண்டாவது, வெளிய போற வழி உங்கட முதுகுப் பக்கம் இருக்கணும், நெருப்புக்கு அங்கால மாட்டிக்கொள்ளக்கூடாது. பிறகு ஊசியைக் கழட்டு, நெருப்பின்ட அடியைப் பாத்துப் பிடி, அமத்து, இடம் வலமா வீசு, அவ்வளவுதான். கேக்க லேசு. ஆனா எங்கட கணக்குப் பிரிவு அக்கா ஒராள் கைபிடியை அமத்திக்கொண்டே ஊசியைக் கழட்டப் பாக்குறா, அமத்தினபடி இழுத்தா ஊசி இறுகி வராது, ட்ரெயினர் பின்னால நிண்டு "கையை விடுங்க அக்கா, முதல்ல கையை விடுங்க" எண்டு கத்துறார். வீட்டில நெருப்பு வந்தா எல்லாரும் செய்யுற பிழை இதுதானாம். அவ ரெண்டாந்தரம் அடிச்சது பாக்கணும், பீப்பாவின்ட விளிம்போட சேத்து ஒரு வீசு, நெருப்பு போன இடம் தெரியல. கைதட்டல் என்ன, விசில் என்ன.

இன்னொரு விசயமும் எல்லாரும் கவனிச்சது: அந்த ஆறு கிலோ பவுடர் சிலிண்டர் எவ்வளவு கெதியா முடியுது எண்டு. 15, 20 செக்கன், அவ்வளவுதான். நாங்க எல்லாரும் அது நிமிசக்கணக்கா அடிக்கும் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தம். அதால நெருப்பு குப்பைக்கூடை அளவில இருக்கேக்கதான் சிலிண்டர் வேலை, மேசை அளவு, அலுமாரி அளவு எண்டு போயிட்டா கதவைச் சாத்திட்டு வெளிய ஓடு, மிச்சத்தை 110க்கு அடிச்சா தீயணைப்புக்காரர் பாத்துக்கொள்ளுவாங்க. இதை அவர் திருப்பித் திருப்பிச் சொன்னார்.

சிலிண்டர் நிறம் பற்றியும் நல்லாச் சொன்னாங்க. எல்லாச் சிலிண்டரும் சிவப்புத்தான், ஆனா அதில இருக்கிற பட்டியைப் பாக்கணும். நீலப்பட்டி பவுடர், கறுப்புப்பட்டி காபனீரொட்சைட்டு, எல்லாரும் சீஓடூ எண்டுதான் சொல்லுவாங்க, கிறீம் பட்டி ஃபோம். பவுடர் அநேகமா எல்லாத்துக்கும் அடிக்கலாம், ஆனா கொம்பியூட்டர் பக்கம் அடிச்சா நெருப்பால தப்பின மெசின் பவுடரால சாகும். சேர்வர் வச்ச இடம், யூபிஎஸ், ஃபோட்டோகொப்பி மெசின், மெயின் சுவிட்ச் போர்ட், இதுக்கெல்லாம் சீஓடூதான். அதில ஒரு கறுப்புப் புனல் இருக்கும், அதைக் கையால பிடிச்சுக்கொண்டு அடிக்கக்கூடாது, ஏன் எண்டா அடிக்கேக்க அது பயங்கரமாக் குளிர்ந்து தோலை எரிச்சமாதிரி ஆக்கிப்போடும். அடிச்சு முடிஞ்சதும் காட்டினார், அந்த வெயிலுக்கையும் புனல் விளிம்பு வெள்ளை வெளேரெண்டு ஐஸ் கட்டி நிக்குது. பவுடர் சிலிண்டரில மீட்டர் இருக்கும், முள்ளு பச்சைக்குள்ள நிண்டா சரி. சீஓடூவில மீட்டர் இல்ல, தராசில வச்சு நிறுத்துத்தான் பாக்கணும், உள்ளுக்க இருக்கிறதில பத்தில ஒரு பங்குக்கு மேல குறைஞ்சா திருப்பி நிரப்பணும். எங்கட மேல்மாடியில நாலைஞ்சு வருசமாத் தொங்கின பழைய சீஓடூவைக் கழட்டி நிறுத்தாங்க, உள்ள ஒண்டுமே இல்ல. அதுக்கு மாசாமாசம் "நல்ல நிலையில் உள்ளது" எண்டு ஒரு கார்ட்டில கையெழுத்து விழுந்துகொண்டு இருந்துச்சு. அடிப்பக்கம் உப்புக்காத்துக்குத் துருவேறி விரலால தட்டினாக் கொட்டுது. கடல் பக்கத்து ஒஃபிஸ்கள் எல்லாம் தயவுசெஞ்சு உங்கட சிலிண்டரைத் தூக்கி அடியை ஒருக்காப் பாருங்க.

முதலுதவிப் பகுதிக்கு ஒரு நர்ஸ் மிஸ் வந்திருந்தா, அது நல்ல ஏற்பாடு, ஏன் எண்டா எங்கட ஒஃபிஸில பாதிக்கு மேல பெண்கள், அபாயா போட்ட தங்கச்சிமார் ஆம்பிளை ட்ரெயினருக்கு முன்னால நிலத்தில முழங்கால் ஊண்டி நெஞ்சை அமத்திப் பழக யோசிப்பாங்க, மிஸ் எண்டபடியால ஒருத்தரும் பின்நிக்கல. நெஞ்சு அமத்துறது நிமிசத்துக்கு 100 முதல் 120 வரை, ஐஞ்சு ஆறு சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, முப்பது தரம் அமத்தினா ரெண்டு மூச்சு. செஞ்சு பாத்தாத்தான் தெரியுது அது எவ்வளவு பாரமான வேலை எண்டு, ஒரு நிமிசத்தில கை சோர்ந்துபோகுது. ஆனா இவ்வளவு சனத்துக்கும் ஒரே ஒரு பொம்மை. வரிசையில நிண்டு நிண்டு கடைசி ஆக்களுக்கு நாலு அமத்து அமத்தவே நேரம் வந்துச்சு. குவட்டேஷனில பொம்மை எத்தனை எண்டு கேட்டு எழுதி வாங்குங்க. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் பற்றி எல்லாருக்கும் தெரியும், இந்தியா குடுத்த உதவியில 2016ல மேற்கிலயும் தெற்கிலயும் தொடங்கி பிறகு நாடு முழுக்க வந்த சேவை, காசில்ல. மிஸ் சொன்ன புது விசயம் என்னெண்டா, கோல் எடுக்கிற ஆள் வேற, கேற்றுக்குப் போய் நிண்டு அம்புலன்ஸைக் கூட்டிக்கொண்டு வாற ஆள் வேற எண்டு முதல்லயே பிரிச்சு வைக்கணும், இல்லாட்டி எல்லாரும் நோயாளியைச் சுத்தி நிண்டு விசிறிக்கொண்டு இருப்பாங்க, அம்புலன்ஸ் பக்கத்து ஒழுங்கையில சுத்திக்கொண்டு நிக்கும்.

பிறகு ஒத்திகை. பொதுமக்கள் தினத்தில வைக்க வேணாம், மூண்டு மணிக்குப் பிறகு சனம் போன பின்ன வைப்பம் எண்டு அவங்க சொன்னாங்க. எங்கட நிர்வாக உத்தியோகத்தர் சேர் அதில மட்டும் விடல, "நெருப்பு என்ன சனம் போன பிறகா வரும்" எண்டு கேட்டுட்டு, கவுண்டரில சனம் நிக்கேக்கயே மணி அடிக்க வச்சார். அந்த ஒரு முடிவாலதான் நாங்க எதையாவது படிச்சம்.

எங்களுக்கு அலாம் இல்ல, கைமணி. மணி அடிச்சதும் கவுண்டரில நிண்ட சனம் "மூடப்போறாங்கபோல" எண்டு நினைச்சு இன்னும் கிட்ட நெருங்கிட்டாங்க! காலையில இருந்து நம்பர் எடுத்துக்கொண்டு குந்தியிருந்தவங்க, அவங்களில என்ன பிழை. "தம்பி என்ட கடிதத்தை மட்டும் தந்துட்டு மூடுங்க" எண்டு ஒரு ஐயா கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். உள்ள ஸ்டாஃப் எல்லாரும் பின்வாசலால போறாங்க, முன்னால சனம் நிக்குது, ரெண்டையும் ஆர் சேக்கிறது? திட்டத்தில "ஊழியர்கள் அமைதியாக வெளியேற வேண்டும்" எண்டு வடிவா இருக்கு, வந்த சனத்தைப் பற்றி ஒரு வரி இல்ல. அரச ஒஃபிஸில எந்த நேரமும் ஊழியரைவிட வெளிச்சனம்தான் கூட, அதுக்குள்ள பென்ஷன் அலுவலா வந்த வயசானவங்க, கைப்பிள்ளையோட வந்த தாய்மார், ஊண்டுகோல்காரர். இப்ப நாங்க கவுண்டருக்கு ரெண்டு பேரை ஒதுக்கி வச்சிருக்கம், மணி அடிச்சா அவங்கட வேலை மைக்கில தமிழ்லயும் சிங்களத்திலயும் "உங்கட நம்பர் அப்பிடியே இருக்கும், வெளிய வாங்க" எண்டு சொல்லுறது. நம்பர் பறிபோகாது எண்டு சொன்னாத்தான் எங்கட சனம் அசையும்.

அடுத்தது எங்கட சிறாப்பர், அதாவது காசாளர். எல்லாரும் வெளிய வந்தாச்சு, மனுசன் மட்டும் உள்ளுக்க. போய்ப் பாத்தா லாச்சியில இருந்த காசை எண்ணிப் பெட்டகத்தில வச்சுப் பூட்டிக்கொண்டு இருக்கார். ட்ரெயினர் "எல்லாத்தையும் விட்டுட்டு ஓடணும்" எண்டு சொல்ல, சிறாப்பர் நிதானமாக் கேட்டார், "காசு குறைஞ்சா எஃப்ஆர் 104 விசாரணைக்கு நீங்களா வந்து நிப்பீங்க?" அரசாங்க நிதிப் பிரமாணத்தில நட்டம் வந்தா நடக்கிற விசாரணை அது. ட்ரெயினரிட்ட பதில் இல்ல. தனியார் கம்பெனிக்கு ட்ரெயினிங் குடுத்துப் பழகினவங்களுக்கு இது விளங்காது, அரசாங்கத்தில காசுக்கும் புத்தகத்துக்கும் பொறுப்பான ஆள் தன்ட உயிரைவிட நிதிப் பிரமாணத்துக்குத்தான் பயம். அவரைப் பகிடி பண்ணிப் பிரயோசனமில்ல. பிறகு சேர் ஒரு ஒஃபிஸ் ஓர்டர் எழுதினார், மணி அடிச்சா சிறாப்பர் லாச்சியை எண்ணாமப் பூட்டிட்டு திறப்போட வெளிய வரணும், அதுக்குப் பிறகு வாற குறைவுக்கு நிலைமையைப் பாத்து நிர்வாகம் சாட்சி சொல்லும் எண்டு. எழுத்தில வந்த பிறகுதான் அவர் சம்மதிச்சார்.

பின்வாசல் கதையும் இருக்கு. அந்தக் கதவு எப்பவும் பூட்டு, களவுப் பயம். திறப்பு கேகேஎஸ் (கந்தோர் உதவியாளர்) அண்ணாவிட்ட, கேகேஎஸ் அண்ணா அந்த நேரம் தபாலுக்குப் போயிட்டார். ஒத்திகை எண்டு முதல்லயே தெரிஞ்சபடியால திறந்து வச்சிருந்தாங்க, உண்மையான நாளில நாங்க எல்லாரும் அந்தக் கதவுக்கு உள்பக்கம்தான். இதைக் கண்டுபிடிச்சது ட்ரெயினர் இல்ல, எங்கட டிரைவர் நானா. இப்ப உள்பக்கம் கையால தள்ளித் திறக்கிற கொண்டி போட்டாச்சு, வெளியில இருந்து திறக்கேலாது.

கூடுற இடத்தில ஆள் எண்ணினது இன்னொரு கூத்து. கைவிரல் மெசின்ல வந்தவங்க பேர் இருக்கு, ஆனா காலையில விரலை வச்சுட்டு கிண்ணியாவுக்கும் குச்சவெளிக்கும் வெளிக்கள வேலைக்குப் போனவங்க பேரும் அதில இருக்கே, வெளிய போற புத்தகத்தில பாதிப் பேர் எழுதுறேல்ல, கணக்கு எப்பிடி வரும். ஒராளைக் காணேல்ல எண்டு தேடினா அவர் தொழுகை அறையில, அங்க மணிச்சத்தமே கேக்கல. கூடுற இடம் எண்டு அவங்க பச்சைப் போர்டு நட்ட மரநிழலில ஏற்கனவே மான் கூட்டம் படுத்துக் கிடந்துச்சு. திருகோணமலைக்காரருக்கு அது புதினமில்ல, கொழும்புத் தம்பி மட்டும் ஃபோனை எடுத்து வீடியோ பிடிச்சுக்கொண்டு நிண்டார், ஆள் எண்ணுறதை மறந்துபோய்.

இனி என்ட பெரிய முறைப்பாடு, அந்தத் திட்டப் புத்தகம். வேற ஒரு கட்டடத்துக்கு எழுதினதை எடுத்துப் பேரை மாத்தியிருக்காங்க, எல்லா இடத்திலயும் மாத்தவும் இல்ல, ஒரு பக்கத்தின்ட அடியில இன்னொரு கம்பெனியின்ட பேர் அப்பிடியே கிடக்கு. "நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தில் இருந்து வெளியேறுதல்" எண்டு ஒரு அத்தியாயம். எங்கட நிலத்தில ரெண்டடி தோண்டினா தண்ணி.

அதைச் சிரிச்சுட்டு விடலாம். விடேலாதது, எல்லா ஆபத்துக்கும் ஒரே மணி, ஒரே இடம் எண்டு எழுதி வச்சிருக்கிறது. நெருப்புக்கு நாங்க கூடுற இடம் கடல் பக்கத்து வெளி, அது நெருப்புக்குச் சரி. சுனாமி எச்சரிக்கை வந்தாலும் அதே மணி, அதே கடல் பக்கத்து வெளியா? திருகோணமலையில இருக்கிற ஒரு ஒஃபிஸுக்கு இதை எழுதித் தாறதுக்கு எப்பிடி மனம் வந்துச்சோ தெரியல. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, அதோட போயா, ஒஃபிஸ் எல்லாம் பூட்டு. அதால கிண்ணியா, மூதூர்ல அவ்வளவு சனம் போயும், ஒஃபிஸில இருக்கேக்க சுனாமி வந்தா என்ன செய்யுறது எண்ட கேள்வி எங்களுக்கு வரவே இல்ல. வந்தது 2012 ஏப்ரல் 11. புதன்கிழமை பின்னேரம் ரெண்டு மணி தாண்டி சுமாத்ரா பக்கம் 8.6 அளவில நில நடுக்கம், இங்கயும் ஆட்டம் தெரிஞ்சுது, எச்சரிக்கை குடுத்துட்டாங்க. அண்டைக்கு ஒஃபிஸில இருந்தவங்களைக் கேட்டுப் பாருங்க. ஆர் சொல்லுறது, எங்க போறது எண்டு தெரியாம ஆளாளுக்கு மோட்டபைக்கை எடுத்துக்கொண்டு பிள்ளைகளைத் தேடி வீட்டுக்கு ஓடினாங்க, சில பேரின்ட வீடு ஒஃபிஸைவிடக் கடலுக்குக் கிட்ட. நல்லகாலம், பெரிய அலை வரல.

அதால நாங்க இப்ப ரெண்டாப் பிரிச்சாச்சு. கைமணி விடாம அடிச்சா நெருப்பு, வெளிய. மெகாஃபோனில சுனாமி எண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டா சுனாமி, கடல் பக்கம் ஒருத்தரும் போகக்கூடாது, மேட்டுப்பக்கம் நடந்து போகணும், வாகனம் எடுத்தா ரோட் அடைபடும். சுமாத்ரா பக்கம் இருந்து வாறதுக்கு ரெண்டு மணித்தியாலம் மட்டில இருக்கும், அதால பயந்து ஓடத் தேவையில்ல, ஆனா ஃபைல் அடுக்கிக்கொண்டு நிக்கவும் நேரமில்ல. முதல் அலை போன உடனே திரும்பி வரவும் கூடாது, 2004ல திரும்பி வந்தவங்களுக்கு என்ன நடந்தது எண்டு தெரியும்தானே. இந்தப் பகுதிக்கு நீங்க கம்பெனிக்குக் காசு குடுக்கவே தேவையில்ல, மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவைக் கூப்பிட்டாச் சரி, 2005ம் ஆண்டு 13ம் இலக்கச் சட்டத்தோட வந்த அமைப்பு அது, அவங்களுக்கு எந்த ரோட் உயரம் எந்த ரோட் பள்ளம் எண்டு காலடிக் கணக்கில தெரியும். அனர்த்த முகாமைத்துவத்தின்ட 117 நம்பரை எல்லாரும் ஃபோன்ல போட்டு வையுங்க.

சூறாவளி, வெள்ளம் பற்றி அந்தப் புத்தகத்தில இருக்கிறது ஒரே வரி: "ஊழியர்களைப் பாதுகாப்பாக வீட்டுக்கு அனுப்பவும்." அரசாங்க உத்தியோகத்தரை வீட்டுக்கா? 2020 டிசம்பர் 2 இரவு புரேவி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில கரையேறேக்க எங்கட ஆக்கள் வீட்டிலயா இருந்தாங்க? கொரோனா வேற, மாஸ்க்கும் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடங்கள்ல பாய் விரிச்சுக்கொண்டும் பேர் பதிஞ்சுகொண்டும் நிண்டாங்க. பிறகு டித்வா புயல் நேரமும் அதுதான். கிராம உத்தியோகத்தர், அபிவிருத்தி உத்தியோகத்தர், சமுர்த்தி ஆக்கள், தன்ட வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி நிக்கும், வெளிய வந்து மற்றவங்களுக்கு சோத்துப் பார்சல் எண்ணிக்கொண்டு நிப்பாங்க. தனியார் கம்பெனிக்கு அவசரகாலம் எண்டா வேலை நிக்கும். எங்களுக்கு அப்பத்தான் வேலை தொடங்கும். அப்ப எங்கட திட்டத்தில இருக்க வேண்டியது, ஆர் முதல் ஷிஃப்ட், ஆர் ரெண்டாவது, கர்ப்பிணியா இருக்கிறவங்களை, தனியப் பிள்ளை வளக்கிறவங்களை எதில போடுறது, ட்யூட்டிக்கு வாறவங்கட வீட்டு ஆக்களை ஆர் பாக்குறது, வாகனத்துக்கு டீசல் எங்க, கீழ்த்தட்டு ஃபைலையும் யூபிஎஸ்ஸையும் முதல்நாளே மேல தூக்கி வைக்கிறது ஆற்ற வேலை. இதையெல்லாம் ட்ரெயினரிட்டக் கேட்டன், மனுசன் நேர்மையாச் சொன்னார், "இது நாங்க செய்யுற பக்கேஜில இல்ல மிஸ்." அப்ப இல்லாததை "முழுமையான திட்டம்" எண்டு குவட்டேஷனில போட்டிருக்கக்கூடாது.

சிலிண்டர் தரம் பரவாயில்ல, புதுசு, சீல் இருந்துச்சு, தொங்க விட்ட உயரமும் சரி. தொங்கவிட்டு ஒரு கிழமைக்குள்ள ஒண்டுக்கு முன்னால எங்கட ஆக்களே அலுமாரியை இழுத்து வச்சதுக்கு கம்பெனி என்ன செய்யும்.

எடுக்கப்போறவங்க ஒரு வேலை செய்யுங்க. முழு பக்கேஜும் எடுக்காதீங்க, பிரக்டிகலையும் முதலுதவியையும் சிலிண்டர் சேர்விஸையும் மட்டும் கேட்டு விலை போடச் சொல்லுங்க, வருறதுக்கு முதல் ஒராள் வந்து உங்கட கட்டடத்தை ரெக்கோட் ரூம் வரைக்கும் சுத்திப் பாக்கணும் எண்டு நிபந்தனை போடுங்க, தமிழ்ல நேரடியாச் சொல்லித்தரக்கூடிய ட்ரெயினர் வேணும் எண்டும் எழுதுங்க, இருக்காங்க, கேட்டா அனுப்புவாங்க. ஒத்திகையைச் சனம் இருக்கேக்க வையுங்க. கடைசிப் பேமென்ட்டை எல்லாச் சாமானும் வந்து சேந்த பிறகு குடுங்க, நாங்க வருசக் கடைசி எண்டு அவசரப்பட்டு முழுக்காசுக்கும் செக் எழுதிட்டம். அனுப்பின போர்டில தமிழ் இல்ல, சிங்களமும் இங்கிலிசும்தான், திருப்பி அனுப்பினம். கோல் எடுத்தா "அடுத்த கிழமை கட்டாயம் மிஸ்" எண்டு சொல்லுறாங்க, அதுவரைக்கும் எங்கட கேகேஎஸ் அண்ணா ஏ4 தாளில மாக்கரால எழுதி லெமினேட் பண்ணி ஒட்டினதுதான் சுவரில இருக்கு, எழுத்து வடிவாத்தான் இருக்கு.